எழுதிப் பொழைக்க முடியுமான்னு கேட்ட ஆலங்குளத்துத் தங்கச்சிக்கு

கேள்வி இதுதான். எம்.ஏ. தமிழ் முடிச்சாச்சு, ஆலங்குளம் பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வேலை, மூணு நாலு கதை பத்திரிகைல வந்திருக்கு, இனி எழுத்தும் எடிட்டிங்குமே தொழில்னு வச்சுக்கிட்டு காலம் பூரா ஓட்ட முடியுமா, அதுக்கு மெட்ராஸ் போயே ஆகணுமா இல்ல இங்கன ஊர்ல இருந்தே முடியுமா. கடைசில ஒரு வரி, "ஆர்வம் இருந்தா போதும்னு மட்டும் சொல்லிராதீங்க அக்கா". அந்த வரிக்காகவே உக்காந்து எழுதுதேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோ.

என்னைப் பத்தி சுருக்கமா: பேப்பர் டெஸ்க்ல, அதாவது வார செய்தியத் திருத்திச் சுருக்குத மேஜைல, சப் எடிட்டரா ஆரம்பிச்சேன், மெட்ராஸ்லயும் மதுரைலயும் நைட் ஷிப்ட் பாத்தேன், அப்புறம் ஒரு பதிப்பகத்துல எடிட்டர், இப்போ பல வருஷமா பாளையங்கோட்டைல வீட்டுல இருந்தே புக் எடிட்டிங்கும் மொழிபெயர்ப்பும். சொந்தமா கதையும் எழுதுதேன், அதுல வார காசுல கரண்டு பில்லு கட்டலாம், அதுவும் சித்திரை வெயில் மாசத்துக்குப் பத்தாது.

பதில், முடியும். ஆனா கதை எழுதி முடியாது. மத்தவங்க எழுதுனத சரி பண்ணி முடியும். இத வருத்தமா சொல்லல, கணக்கா சொல்லுதேன். தமிழ்ல புக்குக்கு வழக்கமா குடுக்குத ராயல்டி விலையில 10 சதவீதம். 250 ரூபா போட்ட நாவல்னா காப்பிக்கு 25 ரூபா. 500 காப்பி வித்தா 12,500. முன்ன மாதிரி ஒரே மூச்சுல 1,000, 1,200 காப்பி அடிக்குத வழக்கமும் கொறஞ்சு போச்சு, பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல கொஞ்சம் கொஞ்சமா அடிக்காங்க, அதனால 500 விக்கவே சில சமயம் ரெண்டு புத்தகக் காட்சி தாண்டணும். நீ அந்த நாவல எழுத மூணு வருஷம் எடுத்திருப்ப. நூலக ஆர்டர் கிடைச்சா கொஞ்சம் கூடும், அது வரும்போது வரும், அத நம்பி வீட்டு வாடகை பேச முடியாது.

இது இன்னைக்கு வந்த கதையும் இல்ல. நம்ம திருநெல்வேலிச் சீமைல எழுதிப் பேர் வாங்குனவங்க வரிசையப் பாரு. எட்டயபுரத்து பாரதி 1904ல சுதேசமித்திரன்ல உதவி ஆசிரியர், அங்க பெரும்பாலும் பாத்த வேலை இங்கிலீஷ் செய்திகள தமிழ்ல பெயர்க்குதது. பெருங்குளம் மாதவையா உப்பு டிபார்ட்மென்ட் உத்தியோகம், அதை விட்டு ஓய்வு வாங்குன பிறகுதான் 1924ல சொந்தமா பஞ்சாமிர்தம்னு பத்திரிகை ஆரம்பிச்சாரு, மறுவருஷமே போயிட்டாரு. புதுமைப்பித்தன் தினமணி டெஸ்க், அங்க ஆசிரியர் நம்ம தென்காசி டி.எஸ். சொக்கலிங்கம். தொ.மு.சி. ரகுநாதனும் விமர்சகர் தி.க.சி.யும் சோவியத் செய்தித் துறையில வருஷக்கணக்கா மொழிபெயர்ப்பும் எடிட்டிங்கும் பாத்தவங்க. வண்ணதாசன் ஸ்டேட் பேங்க், கலாப்ரியாவும் பேங்க். கவர்மென்ட் வேலைய உதறிட்டு எழுத்து எழுத்துன்னே இருந்தவர்னா ராஜவல்லிபுரம் வல்லிக்கண்ணன், அவரு கல்யாணமே பண்ணிக்கல, தேவைய அவ்வளவு சுருக்கிக்கிட்டாரு. அவர மாதிரி இருக்க முடியும்னா சொல்லு, நான் கும்பிட்டுட்டு விலகிக்கிடுதேன்.

ஆக இங்க எல்லாருக்கும் ஒரு மேஜை இருந்திருக்கு, பேர் வராத ஒரு மேஜை. நீ கேக்க வேண்டிய கேள்வி "எழுத்தை நம்பலாமா"ங்குதது இல்ல, "எனக்கான மேஜை எது, அது என் எழுத்தை எவ்வளவு தின்னும்"ங்குதது. பேங்க் மேஜை எழுத்துல கை வைக்காது, நேரத்தை மட்டும் எடுத்துக்கும். எடிட்டிங் மேஜை எழுத்தையே தின்னும், ஆனா எழுத்தைப் பத்தி அது கத்துக்குடுக்குத அளவுக்கு வேற எதுவும் கத்துக்குடுக்காது. புதுமைப்பித்தன் கடைசில சினிமா பக்கம் போயி, உடம்பு கெட்டு, 1948ல 42 வயசுல திருவனந்தபுரத்துல போயிட்டாரு. அவர் போன விதத்த ஏதோ வீரம் மாதிரி பேசுதவங்கள எனக்கு ஆகவே ஆகாது. காசநோய்க்கு மருந்து வாங்க காசு இல்லாத எழுத்தாளன் பெருமை இல்லம்மா, நம்ம சமூகத்துக்கு வெக்கக்கேடு.

சரி, எடிட்டிங்னா என்னன்னு முதல்ல தெளிவாகணும். நிறையப் பேரு ஒற்று போடுதது, புள்ளி கமா பாக்குததுன்னு நினைக்காங்க. அது மெய்ப்பு பாக்குதது, புரூப். அது வேணும், க் ச் த் ப் எங்க மிகும் எங்க மிகாதுங்குதது உனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரணும், எம்.ஏ. படிச்சதால வரும்னு நம்பாத, படிச்சவங்களுக்குத்தான் நிறைய பேருக்கு வரல. ஆனா அதுக்கு மேல இருக்குத வேலைக்குத்தான் ஆள் பஞ்சம். ஒரு நாவல் கைக்கு வருதுன்னு வையி. கட்டபொம்மன் காலத்துக் கதை. நாயகன் ராத்திரியோட ராத்திரியா திருநெல்வேலில இருந்து குதிரைல கிளம்பி, தாமிரபரணி ஆத்துப்பாலத்தைத் தாண்டி பாளையங்கோட்டைக்குள்ள நுழையுதான். வாசிக்க அருமையா இருக்கு, குளம்படிச் சத்தம் எல்லாம் காதுல கேக்கு. ஆனா அந்த இடத்துல சுலோச்சன முதலியார் பாலம் வந்ததே 1843ல. கட்டபொம்மன கயத்தாத்துல தூக்குல போட்டது 1799. அப்போ ஆத்துல தண்ணி இருந்தா படகு, இல்லன்னா இறங்கித்தான் போகணும். நான் இதை மார்ஜின்ல குறிச்சு அனுப்பினா எழுத்தாளர் ஒரு நாள் கோவமா இருப்பாரு, மறுநாள் போன் போட்டு, "படகுக்காரன் ஒருத்தன உள்ள கொண்டு வந்துட்டேன், இப்போதான் சீனே நல்லாருக்கு"ம்பாரு. தப்ப கண்டுபிடிக்குததோட வேலை முடியல, அந்தத் தப்பு வழியா கதைக்கு ஒரு நல்லது நடக்கணும்.

இந்த மாதிரி நம்ம பக்கத்துக் கதைகள்ல அடிக்கடி வரது சிலது இருக்கு. 1975ல நடக்குத கதைல "தூத்துக்குடி மாவட்டம்"னு வரும், மாவட்டம் பிரிஞ்சதே 1986ல, அதுவும் அப்போ சிதம்பரனார் மாவட்டம்னு பேரு. தென்காசி தனி மாவட்டமானது 2019ல, உங்க ஆலங்குளம் எல்லாம் அதுவரைக்கும் திருநெல்வேலி ஜில்லாதான். குத்தாலத்துச் சாரல கார்த்திகை மாசத்துல அடிக்க விடுவாங்க, ஐப்பசி கார்த்திகைல அருவில தண்ணி விழும் சரிதான், ஆனா அது மழை வெள்ளம், ஆனி ஆடிக் காத்துல மூஞ்சில தெளிக்குத சாரல் வேற. நெல்லையப்பர் தேர் ஆனில ஓடும், அத ஒருத்தர் பொங்கலுக்கு மறுவாரம் ஓட்டியிருந்தாரு. மூணாம் அத்தியாயத்துல செத்துப்போன பெரியப்பா பதினொண்ணாம் அத்தியாயத்துல கல்யாணத்துக்கு மொய் எழுதுவாரு. ஏன்னா எழுதுதவங்க நாலு வருஷமா விட்டு விட்டு எழுதிருப்பாங்க, நாம நாலு நாள்ல மொத்தமா வாசிக்கோம், அதனால நமக்குத்தான் தெரியும். நான் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நோட்டுல ஆட்களோட பேரு, வயசு, சொந்தம், எந்த மாசம், என்ன கிழமைன்னு எழுதிக்கிட்டே போவேன். அதே நோட்டுல, இந்தப் புக்குக்கு எண்ணை எழுத்துல போடணுமா இலக்கத்துல போடணுமா, கிரந்த எழுத்து வச்சுக்கணுமா, ஊர்ப் பேரு முழுசா திருநெல்வேலியா இல்ல நெல்லையா, எல்லாம் ஒரு பக்கம். புக்கு முடிஞ்ச பிறகு அந்தப் பக்கத்தை பதிப்பகத்துக்கே குடுத்திருவேன், அவங்க அடுத்த புக்கை உன்கிட்ட குடுக்குததுக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

வட்டார வழக்கு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு அதுதான் பலம், அதுலயேதான் வழுக்கி விழுதோம். கோவில்பட்டிக் கரிசல் பேச்சு வேற, ஆத்தங்கரைப் பேச்சு வேற, உவரி பக்கம் கடக்கரைப் பேச்சு வேற. மெட்ராஸ்ல இருந்து எடிட் பண்ணுதவங்க இது எல்லாத்தையும் ஒரே "திருநெல்வேலி பாஷை"ன்னு நினைச்சு அங்கங்க ஒரு 'ஏலே' போட்டு நிரப்பி வச்சிருவாங்க. ஒரு பாத்திரம் முதல் பக்கத்துல "சொல்லுதேன்"னு பேசினா கடைசி வரைக்கும் அப்படித்தான் பேசணும், நடுவுல "சொல்றேன்"னு வந்தா அவன் ஏன் மாறுனான்னு ஒரு காரணம் இருக்கணும், அதிகாரி முன்னால நிக்கான், மெட்ராஸ் மாப்ளகூட பேசுதான், இப்படி ஏதாவது. நீ இந்த மண்ணுல பொறந்ததால இது உனக்குக் காதுலயே இருக்கு. தென்மாவட்டக் கதைகளுக்கு எடிட்டர் வேணும்னு பதிப்பகம் தேடுத இடத்துல உன் பேரு முதல்ல வரணும். எல்லா வகை எழுத்துக்கும் எடிட்டர்னு போர்டு மாட்டினா ஒரு வேலையும் வராது, ஆரம்பத்துல ஒரு மூலையப் பிடிச்சுக்கோ.

இதுல ஒருத்தர நினைச்சுக்கிடணும். வையாபுரிப் பிள்ளை நம்ம ஜில்லாக்காரர், வக்கீலா இருந்தவரு, 1926ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன்ங்குத பேரகராதிக்குப் பதிப்பாசிரியராப் போயி பத்து வருஷம் இருந்து முடிச்சுக் குடுத்தாரு, ஒரு லட்சத்துக்கும் மேல சொல்லு. அந்த லெக்சிகன் இப்போ நெட்லயே இலவசமா பாக்கலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகத்துல பழைய புக்கு பத்திரிகைன்னு அள்ளிக் கிடக்கு. க்ரியா பதிப்பகத்தோட தற்காலத் தமிழ் அகராதி கையில சொந்தமா ஒண்ணு இருக்கணும், 1992ல முதல் பதிப்பு, 2008ல விரிச்சுப் போட்டாங்க. இன்னைக்கு எழுதுத தமிழுக்கு எனக்கு அதுதான் துணை. ரெண்டையும் தெனம் தொறக்காத எடிட்டர நான் நம்ப மாட்டேன், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.

அடுத்து யாரும் சொல்லாத விஷயம், பாண்ட், கம்ப்யூட்டர்ல டைப் பண்ணுத எழுத்துரு. சிரிக்காத. தமிழ் புத்தகத் தொழில்ல பாதிச் சண்டை பாண்டாலதான். பழைய எழுத்தாளர்கள் இன்னமும் பாமினி, வானவில்னு பழைய பாண்ட்ல டைப் பண்ணி அனுப்புவாங்க, பல டிடிபி சென்டர்லயும் இன்னும் எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு முழுசா மாறல, நீ வேர்ட்ல யூனிகோட்ல எடிட் பண்ணுவ, அத அவங்க திருப்பி மாத்தி பேஜ்மேக்கர் இல்ல இன்டிசைன்ல கொட்டுவாங்க. மாத்தும்போது கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கும், கால் இருக்க வேண்டிய இடத்துல ர வந்து உக்காந்துக்கும், ஔவையார் பேரு மூணு துண்டா உடைஞ்சு கிடக்கும். ஸ்பெல்செக்கர்ல மாட்டாது, கண்ணுலதான் மாட்டணும். அதனால லேஅவுட் முடிஞ்ச பிறகு பேப்பர்ல ஒரு புரூப் எடுத்து வாசிக்காம எதையும் அச்சுக்கு விடாத. ஸ்கிரீன்ல பாத்துட்டு ஓகே சொன்ன புக்குல பிழை ரேப்பர்லயே இருக்கும், அதுவும் எழுத்தாளர் பேர்ல இருக்கும்.

பாரக்கணக்கும் தெரிஞ்சு வச்சுக்கோ, பாரம்னா ஒண்ணா சேத்து அச்சடிக்குத பக்கக் கட்டு. டெம்மி சைஸ்ல 16 பக்கம் ஒரு பாரம். 160 பக்கம்னா பத்து பாரத்துல சரியா முடியும். 163ல போயி நின்னுச்சுன்னா அந்த மூணு பக்கத்துக்காக கால் பாரமோ அரை பாரமோ கூட ஓட்டணும், பதிப்பாளர் உன்னைத்தான் பாப்பாரு. எந்தப் பத்தியில ரெண்டு வரி குறைச்சா பக்கம் மேல ஏறும்னு பாத்து, அர்த்தம் கெடாம மூணு பக்கத்தைக் கரைக்கத் தெரிஞ்ச எடிட்டர பதிப்பாளர் விடவே மாட்டாரு. இலக்கியம் எல்லாம் அதுக்கப்புறம்தான் பேசுவாரு.

இதெல்லாம் எங்க கத்துக்குததுன்னா, என் ஆசை, மூணு நாலு வருஷமாவது ஒரு பேப்பர் டெஸ்க்ல இரு. நம்ம ஊருக்குப் பேப்பர் ஒண்ணும் புதுசு இல்ல, தினமலர் திருவனந்தபுரத்துல 1951ல ஆரம்பிச்சு 1957ல திருநெல்வேலிக்கு வந்து இங்கேர்ந்துதான் வளர்ந்துச்சு, தினத்தந்தி ஆரம்பிச்ச ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். டெஸ்க்ல ராத்திரி எடிஷன் முடியுத நேரத்துல முக்கால் பக்கச் செய்தி வந்து நிக்கும், இடம் பதினஞ்சு வரிக்குத்தான் இருக்கும். எதை வச்சுக்கணும் எதை வெட்டணும்னு அங்க உனக்கு நிமிஷக்கணக்குல முடிவெடுக்க வரும். பாலியல் வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணு பேரு வந்துரக் கூடாது, அவளைக் கண்டுபிடிச்சிரலாங்குத மாதிரி தெருப்பேரு, ஸ்கூல் பேரு கூட வந்துரக் கூடாது, வந்தா அது குத்தம். இந்தப் பயம் ஒருமுறை ரத்தத்துல ஏறிட்டா பிறகு எந்தப் புக்கை எடிட் பண்ணும்போதும் நிஜ ஆட்களப் பத்தி வார இடத்துல கண்ணு தானா நின்னுரும். ஆனா நாலு வருஷத்துக்கு மேல இருக்கதுன்னா யோசிச்சு இரு. டெஸ்க் பாஷைன்னு ஒண்ணு இருக்கு, "பரபரப்பு", "அதிரடி", "பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது", அது மெல்ல உன் கதைக்குள்ளயும் வந்து பாய விரிக்கும்.

மெட்ராஸா ஊரான்னு கேட்டியே. முன்ன போயே ஆகணும், அச்சகம், பத்திரிகை ஆபீஸ், பதிப்பகம் எல்லாம் அங்கதான். இப்போ பைல் வந்து போக ஒரு நிமிஷம், ஜூம்ல எழுத்தாளர்கூட உக்காந்து வரிவரியா பேசலாம். ஆனாலும் ஆரம்பத்துல ஒரு ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டு வாரது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், வேலைக்காக மட்டும் இல்ல, ஆட்களுக்காக. ஜனவரி புத்தகக் காட்சில நாலு நாள் ஸ்டால்ல நின்னு பில் போட்டாலே போதும், யாரு எந்தப் புக்கை எடுக்கா, யாரு எடுத்துப் பாத்துட்டு எந்தப் பக்கத்துல கீழ வைக்கான்னு தெரியும். அது எந்தக் கோர்ஸ்லயும் வராது. போக முடியாதுன்னா, கல்யாணம், அம்மாவுக்கு உடம்பு முடியல, என்ன காரணம்னாலும், இங்க இருந்தும் முடியும், கொஞ்சம் கூட நாளாகும், அவ்வளவுதான்.

இங்க இருக்க வேலைய ஏளனமா நினைக்காத. கும்பாபிஷேக மலர், ஸ்கூல் நூற்றாண்டு மலர், சர்ச் ஆண்டறிக்கை, ரிட்டயர்டு ஆட்களோட தன்வரலாறு, யாராவது ஒருத்தர் சொந்தக் காசுல போடுத ஊர் வரலாறு, எல்லாம் எடிட்டர் கையே படாமத்தான் அச்சாகுது. முன்ன ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் ஐநூறு பக்கம் எழுதிக் கொண்டாந்தாரு. முக்காவாசி டிரான்ஸ்பர் பிரச்சனை, மேலதிகாரி பண்ணுன அநியாயம், எந்தத் தேதில எந்த மெமோ வந்துச்சு. நடுவுல ஒரு ரெண்டு பக்கம் மட்டும் மாஞ்சோலை எஸ்டேட்டுக்குத் தபால் போன காலம், மழைல பை நனையாம தூக்கிட்டுப் போனது, மணியார்டர் பாரத்துல கைநாட்டு வைக்க வார பொம்பளைங்க விரல்ல தேயிலைக் கறை. அந்த ரெண்டு பக்கத்தை எடுத்து முன்னால வச்சு, "சார், இதை இன்னும் சொல்லுங்க"ன்னேன். மனுசன் முதல்ல புரியாம முழிச்சாரு, "இதுல என்ன இருக்கு, எல்லாரும் போனதுதானே"ன்னாரு. வாரம் ஒருநாள் வந்து உக்காந்து பேசினாரு, நான் கேள்வி கேட்டேன், அவரே எழுதினாரு. மெமோ எல்லாம் ஒரு அத்தியாயத்துக்குள்ள அடங்கிருச்சு. புக்கு வந்த பிறகு அவரு சொல்லி எனக்கு வந்த வேலை மட்டும் அடுத்த கொஞ்ச காலத்துக்குப் போதுமானதா இருந்துச்சு. எந்த விளம்பரமும் நான் பண்ணல.

காசு பேசுத விஷயம். நம்ம ஊர்ல இதுதான் கஷ்டம், "நம்ம அக்காதானே, பாத்துச் செய்யுங்க"ம்பாங்க. ரேட் சொல்லுததுக்கு முன்னால எப்பவும் நடுவுலேர்ந்து பத்து பக்கம் வாங்கி எடிட் பண்ணிப் பாரு, முதல் பத்து பக்கம் வேண்டாம், அதை எல்லாரும் பத்து தடவ திருத்தி மினுக்கி வச்சிருப்பாங்க. என் கணக்கு என்னன்னா, ஆழமா எடிட் பண்ண மணிக்கு ஆயிரம் வார்த்தை, மறுவாசிப்புக்கு மணிக்கு மூவாயிரம். அறுபதாயிரம் வார்த்தை நாவல்னா 60 மணி நேரமும் 20 மணி நேரமும், ஆக 80. உன் ஒரு மணி நேரத்துக்கு என்ன வேணும்னு நீயே முடிவு பண்ணி பெருக்கிக்கோ. பாதி அட்வான்ஸ். எத்தனை சுத்து திருத்தம்னு முன்னாடியே மெயில்ல போட்டிரு, இல்லன்னா அச்சகத்து வாசல் வரைக்கும் வந்து ஒரு அத்தியாயத்தை மாத்துவாங்க. பெரிய கம்பெனிங்க 10 சதவீதம் டிடிஎஸ், வருமான வரிக்குன்னு, பிடிச்சிட்டுத்தான் போடுவாங்க, நீ கட்ட வேண்டிய வரி அதைவிடக் கம்மின்னா ரிட்டர்ன் பைல் பண்ணி மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம், நம்ம ஆளுங்க பாதிப் பேரு பைல் பண்ணாம விட்டிருதாங்க, அது சும்மா போற காசு.

உன் சொந்த எழுத்துக்கு ஒப்பந்தம் போடும்போது காப்பிரைட் சட்டத்துல ரெண்டு மூணு விஷயம் மனசுல வச்சுக்கோ, 1957 சட்டம், இன்னும் அதுதான். உரிமை எழுதிக் குடுத்தா எழுத்துல கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். காலம் எழுதலன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும், இடம் எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்குனவரு ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதியிருந்தாலே ஒழிய, உரிமை திரும்பிரும். பத்திரிகைல சம்பளத்துக்கு இருக்கும்போது எழுதுனதுல பத்திரிகைல போடுத உரிமை முதலாளிக்கு, புக்காப் போடுத உரிமை, வேற ஒப்பந்தம் இல்லன்னா, உனக்கு. ஆனா வேலைக்குச் சேரும்போது நீட்டுத பேப்பர்ல எல்லாத்தையும் எழுதி வாங்கிருவாங்க, அதனால வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. "நிரந்தர உரிமை, எல்லா வடிவங்களும்"னு ஒரு வரி பாத்தா பேனாவ மூடி வச்சிட்டு கேள்வி கேளு, ஆடியோ புக்கு, சினிமா எல்லாம் அந்த ஒரு வரிலதான் போகும்.

தானா எழுதுத, மொழிபெயர்க்குத கம்ப்யூட்டர் மெஷின் பத்திக் கேக்காம இருந்திருக்க, ஆனா அதுதான் இப்போ எல்லாரு மனசுலயும். மொழிபெயர்ப்ப மெஷின்ல போட்டு எடுத்துட்டு, "சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க, பாதி ரேட்"னு வாராங்க. அந்த வேலைய பாதி ரேட்டுக்கு எடுக்காத. அந்தத் தமிழ்ல தப்பு வெளியில தெரியாது, இலக்கணம் சுத்தமா இருக்கும், ஆனா பத்து பக்கம் வாசிச்சா ஒரு மனுசன் பேசுன மாதிரியே இருக்காது, வாக்கியம் எல்லாம் தலைகீழா நடக்கும். மூலத்தைப் பக்கத்துல வச்சு வரிவரியா பாக்காம கையெழுத்துப் போட முடியாது, அதுக்கு ஆகுத நேரம் புதுசா பெயர்க்குததுக்கு ஆகுத நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்திரும். நேரக் கணக்குக்குத்தான் ஒத்துக்கிடணும். நான் மெஷின விரோதியாவும் பாக்கல, தேட, ஒப்பிட, பேரு சரிபாக்க நல்லா உதவுது. சாதாரண அறிக்கை, விளம்பரத் தமிழ் இந்த வேலை எல்லாம் குறைஞ்சுதான் வருது, அது நிஜம், அத மறைச்சு உனக்கு நம்பிக்கை குடுக்க எனக்கு மனசில்ல. அந்த போஸ்ட்மாஸ்டர் புக்கு மாதிரி வேலை குறையல.

மொழிபெயர்ப்புல நிக்கணும்னா சாகித்ய அகாடமி, நேஷனல் புக் டிரஸ்ட் ரெண்டும் வேலை குடுக்குத இடம், காசு மெதுவா வரும், பேரு நிக்கும். இங்கிலீஷோட மலையாளமும் கத்துக்கோ, செங்கோட்டை தாண்டினா கேரளா, நம்ம ஊர்க்காரங்களுக்கு மலையாளம் காதுக்குப் பழகுனதுதான். தமிழுக்கு மலையாளத்துல இருந்து நேரடியா பெயர்க்குத ஆளுங்க எப்பவும் தேவை.

தி.க.சி.யும் வல்லிக்கண்ணனும் பேரு தெரியாத பையன் முதல் கதை எழுதினாலும் வாசிச்சிட்டு ஒரு போஸ்ட் கார்டு போடுவாங்கன்னு நம்ம பக்கத்துல எல்லாரும் சொல்லுவாங்க, அந்தக் கார்ட இன்னும் பத்திரமா வச்சிருக்கவங்க எத்தனையோ பேரு. நான் அத பாசம்னு மட்டும் பாக்கல. தெனம் மத்தவங்க எழுத்த வாசிச்சு, அதுல என்ன இருக்கு என்ன இல்லன்னு நாலு வரில சொல்லிப் பழகுதவன் கைதான் எடிட்டர் கையாகும். நீயும் செய்யி, மாசம் நாலு கதை வாசிச்சு எழுதுனவங்களுக்கு நேரா எழுது, புகழ்ச்சி வேண்டாம், எந்த இடத்துல நின்னேன், எந்த இடத்துல தாண்டிப் போனேன்னு சொல்லு. சிலரு கோச்சுக்குவாங்க. சிலரு அடுத்த புக்கை அச்சுக்கு முன்னால உன்கிட்ட அனுப்புவாங்க.

உன் எழுத்துக்கு நேரம், அது காலைல. எடிட்டிங் தொடங்கிட்டா மத்தவங்க குரல் தலைக்குள்ள ஏறிரும், அப்புறம் உன் வரி வராது, வந்தாலும் அது நேத்து எடிட் பண்ணுன ஆளோட வரியா இருக்கும். ஒரு மணி நேரமோ முக்கா மணி நேரமோ, போனைத் தொடாம. பெரிய நாவல் எடிட்டிங் நடக்குத மாசத்துல நான் புதுசா எதுவும் எழுதுததில்ல, பழசத் திருத்துவேன், அவ்வளவுதான் முடியும்.

இனி நடைமுறை. இந்த வருஷம் ஸ்கூல விடாத. மாசா மாசம் சம்பளம் வந்துகிட்டிருக்கும்போதே ஏப்ரல் மே லீவுல ரெண்டு சின்ன புக்கு எடிட் பண்ணிப் பாரு, ஒண்ணு கதை, ஒண்ணு கதை இல்லாதது. ஆறு மாச வீட்டுச் செலவு பேங்க்ல சேர்ந்த பிறகு, மெடிக்கல் இன்சூரன்ஸ் ஒண்ணு எடுத்த பிறகு யோசி, ஏன்னா இந்தத் தொழில்ல பிஎஃப் இல்ல, கண்ணும் முதுகும் முதல்ல போகும். வீட்டுல ஒத்துக்கலன்னா சண்டை போடாத, முதல் செக்க காட்டு. எனக்கு உன் கதைல ஒண்ணு அனுப்பு, கூடவே உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத யாராவது எழுதுன கட்டுரைல ரெண்டு பக்கத்தை, அவங்க குரல் மாறாம நீ எடிட் பண்ணி, எதை மாத்துனன்னு காட்டுத ட்ராக் சேஞ்சஸோட அனுப்பு. ரெண்டாவதைத்தான் முதல்ல வாசிப்பேன்.